கதவு திறந்தால் போதுமா?

(டை காஸ்ட் மாதிரிக் கார்களின் வேலைப்பாட்டை ஒப்பிடுவது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத் தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, பொம்மைக் கார்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பொம்மைதான். ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் டூல் ரூமில், அச்சு செய்வதில் போனது. பம்ப் மூடி, கார்புரேட்டர் உடல், விளக்குக் கூடு என்று வார்ப்புக்கான எஃகு அச்சுகள் செய்தோம். அம்பத்தூரிலும் பாடியிலும் ஓசூரிலும் டை காஸ்டிங் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் பலத்த அழுத்தத்தோடு பாய்ச்சி, அது இறுகியதும் அச்சைப் பிளந்து பொருளை வெளியே தள்ளுவது. பொம்மைக் கார் கம்பெனி செய்வதும் அதே வேலைதான். அதனால் கடையில் ஒரு சின்னக் காரைப் பார்த்தால் என் கை முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்க்கும். கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

மாதிரிக் கார் சேகரிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வழக்கு கட்டாயம் நடக்கும்: எந்தக் கம்பெனி வேலைப்பாடு உசத்தி? ஒருவர் கதவு திறப்பதைக் காட்டுவார். இன்னொருவர் பானெட்டைத் தூக்கி எஞ்சினைக் காட்டுவார். மூன்றாமவர் எத்தனை உதிரிபாகம் என்று பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் படிப்பார். இப்படி எண்ணிக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. எண்ணிக்கை கூடக் கூடக் கார் கெட்டுப்போவதும் உண்டு. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நான்கரை மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:18 அளவில், அதாவது பதினெட்டில் ஒரு பங்காக, அது 25 சென்டிமீட்டர். 1:43-இல் பத்தரை சென்டிமீட்டர். 1:64-இல் ஏழே சென்டிமீட்டர். இந்த 43 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிரிட்டனில் ‘ஓ’ அளவு பொம்மை ரயில்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டன. ரயில் நிலையத்து வாசலில் நிறுத்த ஒரு கார் வேண்டுமே என்று அதே கணக்கில் காரும் செய்தார்கள். ரயில் விளையாட்டு அருகிப் போனது, எண் நிலைத்துவிட்டது.

இப்போது கதவுக்கு வருவோம். நிஜக் காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அதை 1:64-க்குக் குறைத்தால் 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனம். இந்த இடுக்கில் வார்த்த கதவு ஒன்று திறந்து மூட முடியுமா? முடியாது. பெயின்ட் ஏற வேண்டும், உரசாமல் திரும்ப வேண்டும், வார்ப்புக்கு வார்ப்பு வரும் சிறு வித்தியாசத்தையும் தாங்க வேண்டும். குறைந்தது 0.3 மில்லிமீட்டராவது விட்டாக வேண்டும். அதைத் திரும்பவும் 64 மடங்கு பெருக்கிப் பாருங்கள், 19 மில்லிமீட்டர் வருகிறது. நிஜக் காரில் அப்படி ஓர் இடுக்கு இருந்தால் மூடிய கதவுக்குள் கட்டைவிரலை நுழைக்கலாம். அந்தக் காரை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம்.

தகடு விஷயமும் அப்படித்தான். நிஜக் காரின் இரும்புத் தகடு 0.7 மில்லிமீட்டர் கனம். பொம்மையின் துத்தநாக வார்ப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு வரும். 1:18 காரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 18 மில்லிமீட்டர். சக்கரத்துக்கு மேலே வளையும் விளிம்பைக் கவனியுங்கள். மலிவான காரில் அது பலகை போலத் தடித்துத் தெரியும். நல்ல அச்சுக்காரர் என்ன செய்வார் தெரியுமா? உடல் முழுவதும் அதே கனத்தை வைத்துவிட்டு, கண்ணில் படும் விளிம்பில் மட்டும் உள்பக்கத்தை இழைத்து மெலிதாக்குவார். வெளியே இருந்து பார்த்தால் முழுக் காரும் மெல்லிய தகடு என்று கண் நம்பிவிடும். இந்த வேலை எந்தப் பெட்டியிலும் அச்சில் வராது, எந்த எண்ணிக்கையிலும் சேராது.

பெயின்ட்டும் ஏமாற்றும். ஐம்பது மைக்ரான் கனத்துக்குப் பூசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1:64-இல் அது 3 மில்லிமீட்டருக்கு மேல். கதவுக் கோடு, கைப்பிடி, பெயர்ப் பட்டை எல்லாம் அதற்குள் முழுகிப்போகும். அதனால் அச்சில் கோட்டை நிஜ அளவுக்கு மேல் ஆழமாக வெட்டுவார்கள், பெயின்ட் நிறைந்தபின் சரியான ஆழத்துக்கு வரட்டும் என்று. மெட்டாலிக் பெயின்ட் என்றால் இன்னொரு தொல்லை. நிஜக் காரின் மினுக்குத் துகளையே இங்கும் கலந்தால் சின்னக் காரின்மேல் ஜிகினா தூவியது போல இருக்கும்.

இதையெல்லாம் செய்கிற உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸமாக் என்ற கலவை. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் கொஞ்சம் மக்னீசியமும் செம்பும் சேர்ந்தது. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிங்க் கம்பெனி உருவாக்கியது. 400 டிகிரிக்குள் உருகிவிடும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாயும். ஆனால் ஈயம் மட்டும் ஆகாது. 0.005 சதவீதத்துக்கு மேல் ஈயம் கலந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்ற கார்களில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை பல இன்று பெட்டியைத் திறந்தால் வெடித்து, உப்பி, உதிர்ந்து கிடக்கின்றன. யாரும் கீழே போடவில்லை. தூய்மையில்லாத துத்தநாகம்தான் காரணம். பழைய டிங்கி வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்க்குமுன் உடலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அச்சைப் பற்றிச் சொல்லாமல் போனால் டூல் ரூமில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறார். ஒவ்வொரு சிலைக்கும் ஓர் அச்சு. உளி பிடிக்கும் கை சிலையிலேயே வேலை செய்கிறது. டை காஸ்டிங்கில் உடைக்க முடியாது. ஓர் அச்சு இலட்சக்கணக்கான முறை திறந்து மூட வேண்டும். அதனால் கைத்திறன் முழுவதும் பொருளை விட்டு அச்சுக்குப் போய்விடுகிறது. அச்சு திறக்கும்போது பொருள் ஒட்டாமல் வர வேண்டுமானால் பக்கச் சுவர் நேர்செங்குத்தாக இருக்கக் கூடாது, சற்றே சாய்ந்திருக்க வேண்டும். இட்லித் தட்டின் குழி சரிவாக இருப்பதால்தான் இட்லி பிய்யாமல் வருகிறது, அதே நியாயம். நிஜக் காரின் பக்கவாட்டோ உள்நோக்கி மடிந்து வளைந்து போகும். அதை வார்க்க, பக்கவாட்டிலிருந்து நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும் துண்டுகளை அச்சில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டை எங்கே ஒளிப்பது? கதவின் விளிம்பிலா, பக்கவாட்டு மடிப்பிலா? கெட்டிக்காரன் அதை நிஜக் காரிலேயே இருக்கிற ஒரு கோட்டின்மேல் கொண்டுபோய் வைப்பான். அடுத்த முறை ஒரு காரை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கூரைத் தூணிலும் முன் பம்பர் பக்கத்திலும் எங்கேயோ ஒரு மெல்லிய மேடு ஓடும். அது எங்கே ஓடுகிறது என்பதை வைத்தே அச்சுக்காரரின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

அச்சுக்கு வயதும் உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கொல்கத்தாவுக்கு வந்தன. நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அதே கார்கள் இங்கே வார்க்கப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்தால் கோடுகள் மழுங்கியிருப்பதும் பெயின்ட் தடித்திருப்பதும் தெரியும். ஆனாலும் எனக்கு நிக்கியின்மேல் ஒரு தனிப் பிரியம். தேய்ந்த அச்சை வைத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்திருக்கிறார்கள்.

இனி ஒரே காரை வைத்து ஒப்பிடலாம். ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. 1964-இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய வண்டி. மெட்டாய் கம்பெனியின் கோர்கி டாய்ஸ் 1965-இல் இதை 261 என்ற எண்ணில் வெளியிட்டது. கோர்கி 1956-இல் சந்தைக்கு வந்தபோதே, எங்கள் காருக்கு ஜன்னல் உண்டு என்று சொல்லித்தான் வந்தார்கள். அதுவரை டிங்கி காரின் ஜன்னல் வெறும் ஓட்டை. டிபி5-க்கு வந்தபோது ஜன்னலோடு நிற்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னால் இரண்டு துப்பாக்கிகள் நீளும். பின்னால் புகைக்குழாயை அழுத்தினால் குண்டு தடுக்கும் தகடு எழும். பக்கவாட்டில் இன்னொரு பொத்தான். அதைத் தொட்டதும் கூரை திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் வில்லன் பறந்து போய் அலமாரிக்கு அடியில் விழுவான். விழுந்தவன் கிடைக்க மாட்டான் என்று கோர்கிக்கே தெரியும். பெட்டிக்குள் உதிரி வில்லன் ஒருவனை உறையில் போட்டே கொடுத்தார்கள்.

இந்தக் காரை நுணுக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் குறைகள் தெரியும். இதற்கென்று புது அச்சு வெட்டவில்லை. முந்திய டிபி4 காரின் அச்சைத் திருத்திக்கொண்டார்கள். கூரையில் மூடியின் கோடு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. நிறமே தவறு. படத்தில் கார் வெள்ளி நிறம், இவர்கள் தங்க நிறம் பூசினார்கள். வெள்ளி பூசினால் பெயின்ட் அடிக்காத வெறும் வார்ப்பு என்று வாங்குபவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. 1968-இல் வந்த 270-ஆம் எண் காரில்தான் வெள்ளி நிறமும், சுழலும் நம்பர் பிளேட்டும், டயர் கிழிக்கும் கத்தியும் சேர்ந்தன. ஆனால் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு வார்ப்புக்குள் மூன்று வேறு வேறு ஸ்பிரிங் அமைப்புகளை, ஒன்று மற்றொன்றைத் தடுக்காமல், சிறுவன் கையில் ஆயிரம் முறை வேலை செய்யும்படி அடக்கியிருக்கிறார்களே, அதற்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

அதே டிபி5-ஐ ஆட்டோஆர்ட் கம்பெனி 1:18 அளவில், பாண்டின் கருவிகளோடு செய்தது. அளவு விகிதத்திலும் பெயின்ட்டிலும் கம்பிச் சக்கரத்திலும் கோர்கி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஆட்டோஆர்ட் காரை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்க மாட்டீர்கள். ஒன்று கைக்காகச் செய்தது, மற்றொன்று கண்ணுக்காகச் செய்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் தராசுதான் கெடும்.

மேட்ச்பாக்ஸ் கதையும் இதையே சொல்கிறது. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று உறவில்லாத இரண்டு ஸ்மித்துகள் 1947-இல் வட லண்டனில் லெஸ்னி கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் ஒரு வார்ப்புக்காரர். அவர் மகளின் பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார் என்பார்கள். 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது. பெட்டிதான் அங்கே அளவு. பஸ்ஸானாலும் காரானாலும் அதே பெட்டிக்குள் அடங்க வேண்டும். எனவே விகிதம் காருக்குக் கார் மாறும். இருந்தும் அந்தக் காலத்து லெஸ்னி வார்ப்பின் கூர்மை அபாரம். பல மடங்கு பெரிதாக ஒரு மாதிரி செய்து, பான்டோகிராஃப் கருவியால் அதைச் சிறிதாக்கி எஃகில் வெட்டினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

1968-இல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸை இறக்கியது. எலியட் ஹேண்ட்லரின் யோசனை. வடிவமைப்புக்கு ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஹாரி பென்ட்லி பிராட்லி. முதல் ஆண்டு பதினாறே கார்கள். மெல்லிய கம்பி அச்சாணியில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மெருகேற்றிய உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற நிறம் பூசியதால் உலோகமே உள்ளிருந்து மின்னியது. லெஸ்னி ஆடிப்போய், 1969-இல் தன் கார்களுக்கும் வேகச் சக்கரம் மாட்டியது. ஓட்டம் வந்தது, ஆனால் அழகான பல பழைய வார்ப்புகளுக்கு அந்த அகலச் சக்கரம் பொருந்தவே இல்லை. வேட்டிக்கு பூட்ஸ் போட்ட மாதிரி என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு பாகம் விகிதம் தவறினால் முழுக் காரும் தவறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சக்கரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சிஎம்சி-யைச் சொல்ல வேண்டும். 1995-இல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. 1:18 அளவில் பழைய ரேஸ் கார்களைச் செய்கிறார்கள். பல கார்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கும். எண்ணிக்கையைத் திட்டிவிட்டு நானே எண்ணிக்கை சொல்கிறேன் என்று சிரிக்கிறீர்கள். ஆனால் இங்கே எண்ணிக்கை ஒரு காரணத்தோடு வருகிறது. கம்பிச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் வார்த்தால் ஆரக்கம்பி தடிக்கும், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகும் அடுக்கு வராது. சிஎம்சி-யில் ஒவ்வொரு எஃகுக் கம்பியையும் கையால் கோத்து, முனையில் குட்டிக் குமிழ் வைத்து முடிக்கிறார்கள். பானெட்டைக் கட்டும் பட்டை நிஜத் தோல். எண்ணெய்க் குழாய் நிஜ உலோகம். பொருள் நிஜமாக இருப்பதால்தான் விளக்கு மாறும்போது ஒளி நிஜம்போலப் படுகிறது. இருந்தாலும் தோல் என்றால் எனக்குச் சின்ன ஆட்சேபம் உண்டு. தோலை எவ்வளவு இழைத்தாலும் அதன் சுருக்கம் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்காது. இருக்கையில் மட்டும் யானைத் தோல் போலத் தெரியும். பெயின்ட் பூசிய பிளாஸ்டிக் அந்த இடத்தில் உண்மைக்கு நெருங்கி வரும்.

2010-களின் நடுவில் ஆட்டோஆர்ட் தன் கார்களின் வெளி உடலை உலோகத்திலிருந்து பிளாஸ்டிக் சார்ந்த காம்பொசிட்டுக்கு மாற்றத் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். கையில் எடுத்தால் எடையே இல்லை, இத்தனை விலைக்கு பிளாஸ்டிக்கா என்று கேட்டார்கள். எடை ஒரு சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் தகடு மெலிகிறது, கோடு கூர்மையாகிறது, இடுக்கு குறைகிறது. டை காஸ்டிங்கில் சோறு தின்றவன் நான். இருந்தும் இந்த வழக்கில் தீர்ப்பு பிளாஸ்டிக்குக்கே.

நம் கடைகளில் கிடைப்பதற்கு வருவோம். ஹாட் வீல்ஸ் சாதாரண வரிசைக் காரில் விளக்கும் பெயரும் டாம்போ முறையில் அச்சாகின்றன: மெத்தென்ற சிலிக்கோன் உருண்டை மையை எடுத்து வளைந்த உடலில் ஒற்றி எடுக்கும். விலையை அடக்க வேண்டுமே, அதனால் பல கார்களில் முன்விளக்கை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மட்டும் அச்சடிப்பார்கள். கண்ணில்லாத முகம். அதே கம்பெனியின் பிரீமியம் வரிசையில் ரப்பர் டயர், உலோக அடித்தட்டு, முன்னும் பின்னும் அச்சு. ஜப்பானின் டோமிகாவில், 1970 முதலே, அமுக்கினால் சக்கரம் ஸ்பிரிங்கில் அசையும், பல கார்களில் கதவும் திறக்கும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது. மினி ஜிடி என்ற வரிசை வேறு வழி போனது. 1:64-இல் பெரும்பாலும் எதுவுமே திறக்காது. அதனால் உடல் ஒரே வார்ப்பு. கதவுக் கோடு தலைமுடி போல ஓடுகிறது. பக்கக் கண்ணாடி தனிப் பாகம். விளக்குக்குத் தெளிந்த பிளாஸ்டிக்.

மலிவான விளக்கைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடிக்கு நடுவே கருவிழி போல ஒரு புள்ளி தெரிந்தால், அது விளக்கை உடலில் செருகும் காம்பு. அந்தக் காம்பை ஓரத்துக்குக் கொண்டுபோன கம்பெனி யோசித்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கதவு திறக்கும் பெரிய காரானால், திறந்து கீலைப் பாருங்கள். வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த கம்பி என்றால், அது திறப்பதற்காகத் திறக்கும் கதவு. இன்னொன்று: காரை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் குனிந்து, கண்ணைக் காரின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நிஜக் காரை நாம் தெருவில் நின்று பார்க்கிறோம்; பொம்மையை மாடியிலிருந்து பார்ப்பது போலப் பார்க்கிறோம். குனிந்து பார்த்தால்தான் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியும், கார் தரையில் உட்கார்ந்திருக்கும் விதமும் தெரியும். இப்போது நிஜக் காரை லேசர் வைத்து அளந்தே அச்சு வெட்டுகிறார்கள். அப்படியே சுருக்கினாலும் சில கார்கள் செத்தாற்போல இருக்கும். எந்த வளைவை ஒரு துளி மிகைப்படுத்த வேண்டும் என்பதை இன்னும் மனிதக் கண்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே, எதுவும் திறக்காத நல்ல 1:64 கார் ஒன்றும், அதே விலைக்கு எல்லாம் திறக்கும் தடித்த 1:18 கார் ஒன்றும் முன்னால் இருந்தால், நான் சின்னதைத்தான் எடுப்பேன்.

வீட்டில் மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன். நம் ஊர் வெக்கையில் ரப்பர் டயர் கசிந்து, கீழே உள்ள பிளாஸ்டிக் மேடையைத் தின்றுவிடும். காரை மேடையில் திருகி வைத்திருந்தால், டயர் மேடையில் படாமல் அடியில் ஒரு சிறு கட்டை கொடுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், சிவப்பு பெயின்ட் முதலில் போய்விடும். தூசியைத் துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய பிரஷ் போதும். காரைத் தூக்கும்போது கூரையைப் பிடிக்காமல் அடித்தட்டின் இரு பக்கமும் பிடித்து எடுங்கள். பக்கக் கண்ணாடி உடைந்தால் தனியாகக் கடையில் கிடைக்காது.